சங்கிலிக்கு எண்ணெயிடல்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் இருவர் ஓரிடத்திற் கூடினால் அவர்தம் பேச்சு எதைப் பற்றியதாயிருக்கும் என்பதை யாவரும் அறிவர். எஞ்சினின் வலிமை, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஓடும் தூரம், வர்ணத்தின் பொலிவு, விளக்கின் ஒளி ஆகிய இவையே அங்கு முறையே வந்து போகும். எஞ்சினில் எழும் வலிமை முழுவதையும் பின்சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும் சங்கிலியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் எழாது. அஃது அறுந்து வண்டியை நடுவழியில் நிறுத்திய நாளிலேதான் அதன் பெயர் வசையோடு கூடி வெளிப்படும். இவ்வாறு மறக்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றி, அதனோடு பல ஆண்டு பழகிய உரிமையால், சில கூற விரும்புகின்றோம்.

நமது கல்லூரியின் வேப்பமர நிழலில் முற்காலத்தில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன என்று பழைய மாணவர்கள் கூறுவர். இப்பொழுது அவ்விடத்தில் மோட்டார் சைக்கிள்களே நிற்கின்றன. வகுப்பில்லாத வேளையில் யாம் அவ்வரிசையின் ஓரமாக நடக்கும்போது எமது கண் தானாகவே தாழ்ந்து சங்கிலிகளின் மேற் செல்லும். கண்ணாடிபோலத் துடைக்கப்பட்ட பெட்ரோல் தொட்டியின் கீழே, துருவேறிச் சிவந்து, நனைந்த கயிறுபோலத் தொங்கும் சங்கிலியைப் பன்முறை கண்டிருக்கின்றோம். முகத்திற்குப் பவுடர் பூசிக்கொண்டு காலிலுள்ள புண்ணை மறந்தவரைக் கண்டாற்போல அப்பொழுது எமக்குத் தோன்றும்.

சங்கிலி என்றவுடன் ஊஞ்சலில் தொங்கும் வளையச் சங்கிலியை நினைத்தலாகாது. மோட்டார் சைக்கிளின் சங்கிலி மிக நுட்பமான ஒரு யந்திரம். இருபுறத் தகடுகளுக்கு இடையே புஷ் எனப்படும் சிறு குழல் இருக்கின்றது. குழலின் மேல் ஓர் உருளை சுழல்கின்றது. குழலின் உள்ளே பின் எனப்படும் உருக்காணி செல்கின்றது. உருளை பற்சக்கரத்தின் பற்களிடையே உருண்டு அமர, ஆணி குழலுக்குள் திரும்பிக் கொடுக்க, சங்கிலி வளைந்து ஓடுகின்றது. ஸ்விட்சர்லாந்திற் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பார் 1880-ஆம் ஆண்டில் இவ்வமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னிருந்த சங்கிலிகளில் ஆணியின் பாரம் முழுவதும் தகட்டின் மெல்லிய விளிம்பிலேயே விழுந்தது. ஆகவே அவை விரைவில் தேய்ந்தன. ரெனால்டு அமைத்த குழலோ ஆணியை அதன் நீளம் நெடுகத் தாங்கிற்று. நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படையில் அந்தச் சங்கிலியே இன்றும் நமது வண்டிகளில் ஓடுகின்றது. தூய்மையும் எண்ணெயும் உடைய நிலையில் அது தன்னிடம் வரும் வலிமையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வரை சக்கரத்திற் சேர்க்க வல்லது.

அது செய்யும் வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகும். சிறு வண்டிகளிற் பெரும்பாலும் காண்பது 428 என்னும் இலக்கமுடைய சங்கிலி. அவ்விலக்கத்தின் முதல் எண் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள இடைவெளியை அங்குலத்தின் எட்டிலொரு பங்கால் அளந்து கூறுவது. நான்கு என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சங்கிலியில் 106 மூட்டுகளும், பின் பற்சக்கரத்தில் 42 பற்களும், பின்சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டரும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்போது சக்கரம் நிமிஷத்திற்கு 526 முறை சுழலும். சங்கிலி நிமிஷத்திற்கு 208 முறை முழுச்சுற்றுச் சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும் இரு பற்சக்கரங்களில் ஏறும்போது இருமுறையும் இறங்கும்போது இருமுறையும், ஆக நான்கு முறை வளைகின்றது. ஆகவே ஒரு மணி நேரத்தில் ஒரே மூட்டு ஏறக்குறைய 50,000 முறை வளைந்து நிமிர்கின்றது. 500 கிலோமீட்டர் சென்றால் நான்கு லட்சத்திற்கும் மேல். நமது முழங்கால் இவ்வாறு உழைக்குமாயின் எத்தனை தைலம் கேட்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, இச்சங்கிலியைப் பற்றி ஊரார் கூறும் ஒரு சொல்லை ஆராய்வோம். “செயின் நீண்டுவிட்டது” என்பர். யாமும் பட்டறைகளில் இச்சொல்லைக் கேட்டிருக்கின்றோம். இதன் மெய்யான பொருளை எமக்கு உணர்த்தியவர் திருச்செந்தூர்ச் சாலையோரத்தில் தகரக் கொட்டகை ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவர். அவரை யாவரும் போல யாமும் அண்ணாச்சி என்றே அழைப்போம். ஒருநாள் அவர் பழைய சங்கிலியையும் புதிய சங்கிலியையும் அருகருகே இரண்டு ஆணிகளில் தொங்கவிட்டார். இரண்டிலும் மூட்டுகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆயினும் பழையது ஒரு கட்டைவிரல் அகலம் கீழே இறங்கி நின்றது. பின்னர் அவ்விரண்டையும் பக்கவாட்டிற் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்தார். புதியது கோல்போல நின்றது. பழையது வில்போல வளைந்து தொங்கிற்று. “இரும்பு நீளுமா, ஐயா?” என்று வினவினார். எமது விடைக்குக் காத்திராமல், பழைய சங்கிலியின் ஓர் ஆணியைத் தலை அரைத்து வெளியே தட்டி எடுத்து எமது உள்ளங்கையில் வைத்தார். “நகத்தால் தடவிப் பாருங்கள்” என்றார். ஆணியின் ஒரு புறத்தில் நகம் இறங்கும்படியான பள்ளம் இருந்தது. “தேய்ந்த தேய்வெல்லாம் நீளமாய்த் தெரிகிறது, அவ்வளவுதான்” என்று கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் சென்றார்.

கல்லூரியில் ஒரு மணி நேரம் விரிவுரை செய்தும் விளக்க முடியாததை அவ்வொரு வாக்கியம் விளக்கிற்று. தகடு நீளவில்லை, ஆணியும் குழலும் உராய்ந்து தேய்ந்தன. ஒரு மூட்டில் 0.2 மில்லிமீட்டர் தேய்வு என்பது கண்ணுக்குப் புலப்படாதது. 106 மூட்டுகளிலும் அவ்வாறே தேய்ந்தாலோ அது 21 மில்லிமீட்டருக்கு மேலாகின்றது. எண்ணெய் எங்கே வேண்டும் என்னும் வினாவிற்கும் இதிலேயே விடை கிடைத்துவிடுகின்றது. சங்கிலியின் வெளிப்புறம் எண்ணெய் பூசி மின்னுதலால் மட்டும் பயனில்லை. ஆணிக்கும் குழலுக்கும் இடையே, ஒருவரும் காணாத அந்த மயிரிழை இடைவெளியிற் சென்று சேரும் எண்ணெயே எண்ணெய். வெளியே பூசியது காட்சிக்கு. உள்ளே சென்றதே வேலைக்கு.

நமது பக்கத்து நிலமும் காற்றும் சங்கிலிக்குப் பகைவர் என்றே சொல்லவேண்டும். திருச்செந்தூரை அடுத்த தேரிக்காடுகளில் ஆடிக்காற்று எழும்போது செம்மணல் புகைபோலப் பரவும். மாவினும் நுண்ணிய அம்மணல் ஆடையிலும் படியும், சங்கிலியிலும் படியும். முதிய தாயாரைக் காணும்பொருட்டு வாரந்தோறும் தூத்துக்குடி சென்று திரும்பும் கடமை எமக்கு உண்டு. அந்நகரின் உப்பளங்களின் ஓரமாகச் செல்லும் வழியில் ஈரமும் உப்பும் கலந்த காற்று இரும்பைத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து, உள்ள எண்ணெயையும் கழுவிச் செல்லும். இம்மூன்றினுள்ளும் மணலே கொடிது. சிலர் சங்கிலி காயாதிருக்கவேண்டும் என்று கட்டியான கிரீஸை அதன்மேல் அப்பி வைப்பர். அது மூட்டினுள்ளே செல்வதில்லை. வெளியிலிருந்து வரும் மணலை மட்டும் அன்போடு வரவேற்று வைத்துக்கொள்கின்றது. மணலும் கிரீஸும் கலந்தால் உண்டாவது சாணை பிடிக்கும் விழுதேயன்றி வேறன்று. எஞ்சினிலிருந்து வடித்தெடுத்த கரிய பழைய எண்ணெயை ஊற்றுவாரும் உளர். அதில் எஞ்சினின் தேய்வுத் தூளும் கரியும் கலந்திருத்தலால் அதுவும் ஆகாது.

ஆகவே முதலிற் கழுவுதல், பிறகே எண்ணெயிடுதல். எமது வீட்டில் இப்பணிக்குச் சனிக்கிழமை மாலை குறிக்கப்பட்டிருக்கின்றது. ஆடவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளாதலால், “உங்கள் வண்டிக்கும் இன்று எண்ணெய்க் குளியலோ?” என்று எம் இல்லத்தார் நகைப்பதுண்டு. நகைப்பினும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷையும் கிழிந்த பனியன் துணியையும் எடுத்துத் தருபவரும் அவரே. அம்முறையை இங்கே வரிசையாகக் கூறுவோம்.

சிறிது தூரம் ஓடி வந்த வண்டியாயின் நன்று. இளஞ்சூடு எண்ணெயை உள்ளே இழுக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளவேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுழற்றவேண்டும். சக்கரத்திலும் டயரிலும் எண்ணெய் தெறிக்காதபடி ஓர் அட்டையைச் சங்கிலிக்குப் பின்னே செருகி, கீழே ஒரு பழைய தட்டை வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் சங்கிலியின் நான்கு புறங்களையும் தேய்த்து, அழுக்கு இளகியபின் துணியால் ஈரமற வழித்தெடுக்கவேண்டும். பெட்ரோலைக் கொண்டு கழுவுதல் வேண்டா. தீக்கு அஞ்சுதல் ஒன்று, ரப்பருக்கு அஞ்சுதல் மற்றொன்று.

ரப்பர் யாது என்பார்க்குக் கூறுவோம். பெரிய வண்டிகளின் சங்கிலிகளிற் பலவற்றில் உள்தகட்டிற்கும் வெளித்தகட்டிற்கும் இடையே சிறு ரப்பர் வளையங்கள் இருக்கும். செய்யும்போதே ஆணிக்கும் குழலுக்கும் இடையே கிரீஸை இட்டு அவ்வளையங்களால் அடைத்துவிடுவர். அவ்வகைச் சங்கிலி நெடுநாள் உழைக்கும். ஆனால் பெட்ரோலும் தின்னரும் அவ்வளையங்களைக் கெடுக்கும். கம்பிப் பிரஷ் அவற்றைக் கிழிக்கும். வாட்டர் சர்வீஸ் செய்யுமிடத்தின் நீர்த்தாரையை நெருக்கமாகப் பாய்ச்சினால் நீர் அவற்றைக் கடந்து உள்ளே புகும். வளையம் போனால் உள்ளிருக்கும் கிரீஸும் போகும். அதனை மீண்டும் இட வழியில்லை. இவ்வகைச் சங்கிலிக்கு வெளியே எண்ணெயிடுதல் உருளைகளுக்காகவும், துருவைத் தடுப்பதற்காகவும், ரப்பர் உலராமைக்காகவுமே என்று அறிக.

துடைத்து உலர்த்தியபின் எண்ணெய். 90 இலக்கக் கியர் எண்ணெயாயினும், சங்கிலிக்கென்றே குப்பியில் விற்கும் தெளிப்பானாயினும் ஏற்கும். அதனைச் சங்கிலியின் மேற்புறத்தில் ஊற்றாமல், கீழோட்டத்தின் உட்புறத்தில், பற்களைத் தொடும் பக்கத்தில் இடவேண்டும். சங்கிலி சுற்றும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியே விசிறப்படும்; ஆதலின் உட்புறம் இட்டது மூட்டுகளின் வழியே வெளிச்செல்லும், வெளிப்புறம் இட்டதோ நேரே சாலைக்குச் செல்லும். உள்தகடும் வெளித்தகடும் சேரும் விளிம்பில் ஒரு துளி, உருளையின் ஓரத்தில் ஒரு துளி. மூட்டுக்கு இவ்வளவு போதும். பிறகு சக்கரத்தைச் சிலமுறை சுழற்றிவிட்டு, இயலுமாயின் ஓரிரவு அப்படியே விட்டு, காலையில் வெளியே நிற்கும் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடவேண்டும். தொட்டால் விரலில் மெல்லிய பசை மட்டும் ஒட்டுவதே சரியான நிலை. அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாமல் ஒரு குப்பியில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுதல் முறை.

500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நல்ல மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் இதனைச் செய்யின் போதும். முழு உறையுள்ள சிறு வண்டிகளில் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. தெரியாமையாலேயே மறக்கவும் படுகின்றது. அவ்வுறையிலுள்ள ரப்பர் மூடியை நீக்கி அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும். அப்பொழுதே தளர்ச்சியையும் அளக்கலாம். சிறு வண்டிகள் பலவற்றிற்குச் சங்கிலி நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசைதல் தக்கது. தம் வண்டியின் கைப்புத்தகம் கூறுவதே முடிவானது. இறுக்கம் மிகின் நன்று என்று எண்ணுதல் பிழை. பின்சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சங்கிலிக்கு இடம் வேண்டும். இல்லையேல் பேரிங்குகள் அழியும். சங்கிலியை இணைக்கும் கிளிப் மீன் வடிவமானது. மீன் தலையை முன்னிட்டு நீந்துவது போல, கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியே இருத்தல்வேண்டும். திருப்பி மாட்டினால் ஏதேனும் ஒன்றில் இடறிக் கழன்றுவிடக்கூடும்.

மேலே, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுக்கவேண்டும் என்றோம். அவ்வொரு வரிக்காகவே இக்கட்டுரை முழுவதும் எழுதப்பட்டது என்று கூறினும் மிகையாகாது. எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கல்லூரிக் கிரிக்கெட் குழுவில் பந்தைச் சுழற்றி வீசுவதிற் பெயர் பெற்றிருந்தார். படிப்பு முடிந்து வேலையில் அமர்ந்து சொந்தமாக வண்டியும் வாங்கினார். ஒரு தீபாவளிக்கு முன்னாள், நெடும்பயணம் போகுமுன் சங்கிலியைத் துடைக்க நினைத்தார். கையால் சக்கரத்தைச் சுழற்றுவது வருத்தமென்று, எஞ்சினை ஓடவிட்டு, முதற் கியரிலிட்டு, ஓடும் சங்கிலியின் மேல் துணியைப் பிடித்தார். பலர் அவ்வாறு செய்யக் கண்டிருந்தாராம். துணியின் நூலொன்று பல்லிற் சிக்கிற்று. துணி சென்ற வழியே விரல்களும் சென்றன. வலக்கையின் இரு விரல்கள் நுனியின்றிப் போயின.

சில ஆண்டுகள் கழித்து அவர் எம்மைக் காண வந்திருந்தார். கையைப் பையில் மறைக்காமல் மேசைமேல் வைத்தே பேசினார். “வலி பெரிதன்று, ஐயா. அஃது எவ்வளவு எளிதாக நடந்தது என்பதே இன்றும் என்னைத் திடுக்கிடச் செய்கிறது. துணி இழுபடுகிறது என்று அறியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. தாங்கள் கல்லூரி மலரில் எழுதுவதுண்டே; இதையும் ஒருமுறை எழுதுங்கள். என் பெயர் வேண்டா” என்றார். இப்பொழுது அவர் தம் ஊரில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கின்றார். பந்து வீசும் சிறுவனுக்கு விரலை எங்கே வைக்கவேண்டும் என்று, தம்மிடம் இல்லாத விரல் நுனியை வாயாற் சொல்லிக் காட்டுகின்றார் என்று கேள்விப்பட்டோம். கையால் சக்கரத்தைச் சுழற்றுவதில் செலவாவது பத்து நிமிஷம். அப்பத்து நிமிஷத்தைச் சேமிக்க எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இறுதியாக ஒன்று. எண்ணெய் தேய்வைத் தாமதிக்குமேயன்றித் தேய்ந்ததை மீட்காது. எத்துணைப் பேணினும் ஒருநாள் சங்கிலி தன் ஆயுளை முடிக்கும். பின் பற்சக்கரத்தின் பின்கோடியில் சங்கிலியை விரலாற் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். பல்லின் பாதி வெளியே தெரியுமளவிற்கு அது விலகுமாயின், அல்லது பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோலக் கூர்ந்திருக்குமாயின், அதற்கு ஓய்வு கொடுத்தல்வேண்டும். அளந்து பார்ப்போர் நீளம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை மிகுந்ததோ எனக் காண்க. மாற்றும்போது சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருங்கே மாற்றவேண்டும். தேய்ந்த பல்லோடு புதிய சங்கிலியைச் சேர்த்தால் புதியதும் விரைவிற் பழையதாகும். செலவுக்கு அஞ்சி, இரண்டு கண்ணிகளை வெட்டி எறிந்து குறுக்கி மாட்டுவோர், தேய்ந்த மற்றக் கண்ணிகள் அப்படியே இருப்பதை மறந்தவராவர். அத்தகைய சங்கிலி வேகத்தில் அறுந்தால் எஞ்சினின் உறையை உடைத்தாலும் உடைக்கும். பின்சக்கரத்திற் சுற்றிக்கொண்டு அதனைப் பூட்டினாலும் பூட்டும். பின்னே அமர்ந்திருப்பவர் தாயாகவோ தங்கையாகவோ இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

விடுதி மாணவர் பலர் பொங்கல் விடுமுறைக்குத் தத்தம் ஊர்களுக்கு வண்டியிலேயே செல்கின்றனர். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, ஆடுகளத்திலிருந்து திரும்பியபின், முற்றத்தில் வண்டியை நிறுத்தி, மூத்தவர் இளையவருக்கு இதனைச் செய்து காட்டுவாராயின் நன்று. வேண்டுவன ஒரு குவளை மண்ணெண்ணெய், ஒரு பழைய பிரஷ், ஒரு கிழிந்த பனியன், சிறிது எண்ணெய் ஆகிய நான்கே. ஐந்தாவதாக, சாவி சட்டைப்பையில் இருத்தல்வேண்டும்.